ஒரு பிரஸ்பிட்டேரியன் சபை வளர்கிறதா, தேய்கிறதா? உறுப்பினர் கணக்கைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வாக்காளர் பட்டியலில் இறந்தவர் பெயர் பல ஆண்டுகள் நீடிப்பது நமக்குப் பழகிய செய்தி. சபைப் பதிவேடும் அந்த வகைதான். மணமாகி வெளியூர் போன பெண், மனத்தாங்கலில் அடுத்த தெருச் சபைக்குப் போய்விட்ட குடும்பம், இருபது ஆண்டுகளாக யாரும் முகம் பார்த்திராத ஒருவர் என்று எல்லாரும் அதில் பத்திரமாக இருப்பார்கள். எங்கள் சபையில் சில ஆண்டுகள் பதிவேடு எழுதியவன் நான். கடைசிப் பக்கத்துக் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்துச் சபையின் தலையெழுத்தைச் சொல்பவர்களைக் கண்டால் எனக்குப் பொறுமை இருப்பதில்லை.

பிரஸ்பிட்டேரியன் என்பது சபையார் தேர்ந்தெடுக்கும் மூப்பர்களும் போதகர்களும் சேர்ந்து சபையை நடத்தும் புராட்டஸ்டன்ட் மரபு. இந்த வழிகாட்டிக்கு அமெரிக்காவின் பிரஸ்பிட்டேரியன் திருச்சபையை, அதாவது சுருக்கமாகப் பி.சி.யு.எஸ்.ஏ. என்று அழைக்கப்படுவதை, எடுத்துக்கொள்கிறேன். அங்கே ஒவ்வோர் உள்ளூர்ச் சபையும் ஆண்டுதோறும் கணக்கு அனுப்புகிறது. எத்தனை பேர் என்பதோடு, எந்த வழியாக வந்தார்கள், எந்த வழியாகப் போனார்கள் என்பதும் அந்தக் கணக்கில் இருக்கிறது. நம் ஊரில் இந்த மரபின் நினைவுச்சின்னம் தேடுவோர் எழும்பூரில் உள்ள புனித அந்திரேயா ஆலயத்தைப் பார்க்கலாம். ஸ்காட்லாந்துக்காரர்கள் 1821இல் திறந்த பிரஸ்பிட்டேரியன் ஆலயம் அது. இன்று தென்னிந்தியத் திருச்சபையில் இருக்கிறது. அந்தத் திருச்சபை 1947இல் உருவானபோது அதற்குள் வந்து சேர்ந்த ஓடைகளில் பிரஸ்பிட்டேரியன் மரபும் ஒன்று. ஆகவே பின்வரும் கணக்கு முறை தென்னிந்தியத் திருச்சபையில் இருக்கும் வாசகர்களுக்கு முற்றிலும் அந்நியமாக இருக்காது.

ஒரு சொல் விளக்கம். கீழே ‘திருச்சபை’ என்றால் நாடளாவிய அமைப்பு. ‘சபை’ என்றால் ஓர் ஊரில் ஞாயிறன்று கூடுகிற கூட்டம்.

படி 1: பெரிய எண்ணைப் பாருங்கள், பிறகு ஓரமாக வையுங்கள்

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பிரிந்த வடக்கு, தெற்குப் பிரஸ்பிட்டேரியன் திருச்சபைகள் 1983இல் அட்லாண்டாவில் மீண்டும் ஒன்றாகிப் பி.சி.யு.எஸ்.ஏ. ஆயின. அன்று உறுப்பினர்கள் சுமார் 31 இலட்சம். 2011 முடிவில் 19.5 இலட்சம். 2023இல் 10.95 இலட்சம். 2024இல் சுமார் 10.46 இலட்சம். சபைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 8,400. ஸ்காட்லாந்துத் திருச்சபையின் சரிவு இன்னும் செங்குத்தானது: 1950களின் நடுவில் 13 இலட்சத்தைத் தொட்ட உறுப்பினர் எண்ணிக்கை 2023இல் 2.6 இலட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது.

ஆண்டுக்கு 4 சதவீதம் குறைந்தால் பதினேழு ஆண்டுகளில் பாதியாகிவிடும். இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு, ‘இன்ன ஆண்டில் கடைசி உறுப்பினர் விளக்கை அணைப்பார்’ என்று ஆரூடம் எழுதுபவர்கள் உண்டு. அதனால் ஒரு சபைக்கும் பயனில்லை. திருச்சபை முழுவதன் சராசரி, சபைக்கு 124 பேர். ஆனால் பாதிக்கு மேற்பட்ட சபைகளில் நூறு பேர்கூடக் கிடையாது. ஆயிரக்கணக்கில் உறுப்பினர் கொண்ட சில நகரச் சபைகள்தாம் சராசரியை மேலே தூக்கி வைத்திருக்கின்றன. சராசரிச் சபை என்று ஒன்று உலகத்தில் இல்லை. உங்கள் கையில் இருக்கும் ஒரு சபையின் பதிவேட்டுக்கு வாருங்கள்.

அதற்கு முன் எந்தப் பிரஸ்பிட்டேரியன் என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் 1973இல் தனியாகப் போன பி.சி.ஏ., 1981இல் தோன்றிய ஈ.பி.சி., 2012இல் உருவான எக்கோ என்று பல திருச்சபைகள் இருக்கின்றன. பி.சி.ஏ. தன் மொத்தத் தொகையில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகளையும் சேர்த்துச் சொல்கிறது, பி.சி.யு.எஸ்.ஏ. சொல்வதில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது படியையும் மரக்காலையும் ஒன்றாக அளப்பதற்குச் சமம்.

படி 2: யார் உறுப்பினர் என்று கேளுங்கள்

பி.சி.யு.எஸ்.ஏ.வின் சட்டநூல் மூன்று வகை உறுப்பினர்களைச் சொல்கிறது. ஞானஸ்நானம் மட்டும் பெற்று, இன்னும் விசுவாச அறிக்கை (தன் விசுவாசத்தைத் தானே சபைமுன் அறிக்கையிடுவது) செய்யாதவர்கள் ஒரு வகை, பெரும்பாலும் குழந்தைகள். விசுவாச அறிக்கை செய்து சபை வாழ்வில் பங்கெடுப்பவர்கள் இரண்டாவது வகை. படிப்புக்கோ வேலைக்கோ வந்து, வேறோர் ஊர்ச் சபையில் உறுப்புரிமையை வைத்துக்கொண்டே இங்கே இணைந்திருப்பவர்கள் மூன்றாவது. ஆண்டு அறிக்கையில் உறுப்பினர் தொகையாக வெளியே வருவது இரண்டாவது வகை மட்டும்தான்.

இதிலிருந்து சில விசித்திரங்கள் பிறக்கின்றன. ஞாயிறுப் பள்ளியில் நாற்பது பிள்ளைகள் ஓடி விளையாடும் சபை, எவருமே பிள்ளை பெறாத சபையைவிடக் காகிதத்தில் சிறியதாகத் தெரியலாம். பிள்ளைகளை விசுவாச அறிக்கைக்கு ஆயத்தப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்பை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடத்தும் சிறு சபையின் வரைபடம் ரம்பப் பல் போல ஏறி இறங்கும். அந்த ஏற்றத்தைப் பார்த்து எழுப்புதல் வந்துவிட்டது என்று மகிழ வேண்டாம். இன்னொன்று பலருக்கும் தெரியாது. போதகர் தாம் ஊழியம் செய்யும் சபையின் உறுப்பினர் அல்ல. அவருடைய உறுப்புரிமை பிரஸ்பிட்டரியில், அதாவது வட்டாரச் சபைகளின் மூப்பர்களும் போதகர்களும் கூடும் மன்றத்தில் இருக்கிறது. முப்பது பேர் கொண்ட சபையில் இப்படி ஒரு தலை குறைவதும் கவனிக்க வேண்டியதுதான்.

பதிவேட்டின் சாவி ‘செஷன்’ கையில் இருக்கிறது. சபையார் தேர்ந்தெடுத்த மூப்பர்களும் போதகரும் சேர்ந்த குழு அது. ஒருவரைச் சேர்ப்பதும் நீக்குவதும் அந்தக் குழுவின் தீர்மானம். ஒருவர் இரண்டு ஆண்டுகள் சபை வாழ்விலும் ஆராதனையிலும் பங்கெடுக்காவிட்டால் அவர் பெயரை நீக்கச் செஷனுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அதற்கு முன் அவரைத் திரும்பக் கொண்டுவர முயல வேண்டும். நீக்கப்போகிறோம் என்று எழுத்தில் அறிவிக்கவும் வேண்டும். ‘நீக்கலாம்’ என்றுதான் விதி சொல்கிறது, ‘நீக்கியே தீர வேண்டும்’ என்று சொல்லவில்லை. அதனால்தான் ஒரு சபையில் பதிவேடு ஆண்டுதோறும் துலங்குகிறது, இன்னொன்றில் இருபது ஆண்டு தூசி படிந்து கிடக்கிறது.

படி 3: வாசல்களை எண்ணுங்கள்

இந்தப் படிதான் முழு வழிகாட்டிக்கும் உயிர். நேரம் குறைவென்றால் மற்றவற்றை விட்டுவிட்டு இதை மட்டும் செய்யுங்கள்.

சபைக்குள் வர மூன்று வாசல்கள் உண்டு. முதன்முறையாக விசுவாச அறிக்கை செய்து வருவது; வேறு சபையிலிருந்து மாற்றுச் சான்றிதழோடு வருவது; முன்பே விசுவாசி, இடையில் விட்டுப்போய், மறுபடியும் அறிக்கை செய்து வருவது. வெளியே போகவும் மூன்று: மரணம், மாற்றுச் சான்றிதழ், பெயர் நீக்கம். பத்து ஆண்டுகளுக்கு இந்த ஆறு பத்திகளையும் ஒரு தாளில் எழுதுங்கள். கணினி தேவையில்லை, கோடு போட்ட நோட்டுப் புத்தகம் போதும்.

ஒரு கற்பனைச் சபையை எடுத்துக்கொள்வோம். பென்சில்வேனியாவின் மேற்கில் ஒரு பழைய எஃகு ஆலை ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2014இல் 240 உறுப்பினர்கள், 2024இல் 131. பாதிக்குப் பாதி போய்விட்டது என்று ஆண்டுக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து அழுவார். புதுப் போதகரின் பிரசங்கம்தான் காரணம் என்று இன்னொருவர் காபி மேசையில் முணுமுணுப்பார். வாசல்களை எண்ணிப் பார்த்தால் கதை வேறு:

உள்ளே வந்தவர்கள் 43 பேர்.
மரணத்தால் போனவர்கள் 58 பேர்.
சான்றிதழ் வாங்கிப் போனவர்கள் 24 பேர்.
பெயர் நீக்கப்பட்டவர்கள் 70 பேர்.

240உடன் 43ஐக் கூட்டி, 152ஐக் கழித்தால் 131. இப்போது நீக்கப்பட்ட 70 பேரை ஆண்டுவாரியாகப் பாருங்கள். அதில் 52 பெயர்கள் ஒரே ஆண்டில், 2019இல், நீக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஆண்டு சபையில் பூகம்பம் எதுவும் நடக்கவில்லை. செஷனுக்குப் புதிய எழுத்தர் வந்தார். ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். கணக்கு நேராக இல்லாவிட்டால் அவருக்கு இரவில் தூக்கம் வராது. அவ்வளவுதான். அந்த 52 பேர் 2019இல் போகவில்லை. சிலர் 1990களிலேயே போய்விட்டார்கள், பதிவேடு தாமதமாகத் தெரிந்துகொண்டது.

அந்த 52ஐத் தள்ளிவிட்டால் இந்தச் சபையின் உண்மையான சிக்கல் எது? பத்து ஆண்டில் 58 சவ அடக்கம். அதே காலத்தில் குழந்தை ஞானஸ்நானம், இந்தக் கற்பனைச் சபையில், ஒன்பது. சான்றிதழ் வாங்கிக்கொண்டு போன 24 பேர் ஆண்டுக்கு இரண்டரைப் பேர்கூட இல்லை. பிரசங்கம் பிடிக்காமல் கூட்டமாக ஓடியதற்குச் சாட்சி இல்லை. மக்கள் வெறுத்துப் போகவில்லை, முதுமையில் இறந்தார்கள். அவர்கள் அமர்ந்திருந்த இடத்தில் உட்கார யாரும் வரவில்லை. இரண்டு நோய்களுக்கும் மருந்து வேறு. வெறுத்துப் போனவர்களாக இருந்தால் சமரசம் பேச வேண்டும். இங்கே சமரசம் பேச எதிரே ஆள் இல்லை.

சிறு சபைகளுக்கு ஓர் எச்சரிக்கை. நாற்பது பேர் உள்ள சபையில் நால்வர் கொண்ட இரண்டு குடும்பங்கள் சேர்ந்தால் 20 சதவீத வளர்ச்சி. அடுத்த ஆண்டு அவர்களில் ஒரு குடும்பம் வேலை மாற்றலில் போனால் 8 சதவீதச் சரிவு. நூறுக்குக் கீழே சதவீதம் பேசாதீர்கள். பெயர்களைப் பேசுங்கள்.

படி 4: வருகையைப் பக்கத்தில் வையுங்கள்

ஆண்டு அறிக்கையில் சராசரி ஆராதனை வருகையும் கேட்கப்படுகிறது. நம் கற்பனைச் சபையில் அது 2014இல் 95, 2024இல் 62 என்று வைத்துக்கொள்வோம். உறுப்பினர் தொகை 45 சதவீதம் குறைந்த காலத்தில் வருகை 35 சதவீதமே குறைந்திருக்கிறது. முன்பு நூறு உறுப்பினரில் நாற்பது பேர் ஞாயிறன்று வந்தார்கள். இப்போது நாற்பத்தேழு பேர் வருகிறார்கள். சபை சுருங்கியிருக்கிறது, அதே சமயம் இறுகியும் இருக்கிறது.

வருகையை எப்படி எண்ணினார்கள் என்று கட்டாயம் விசாரியுங்கள். வாசலில் நிற்கும் உபசரிப்பாளர் ஒவ்வொரு வாரமும் தலை எண்ணி எழுதிய நோட்டு இருந்தால் அது பொன். இல்லாவிட்டால் பிப்ரவரி மாதம் அறிக்கை அனுப்பும் அவசரத்தில் எழுத்தர் கூரையைப் பார்த்துச் சொன்ன எண்ணாக இருக்கும். ஒரே எண் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து வந்தால் அது கூரை எண்தான். பெருந்தொற்றுக்குப் பிறகு இணைய ஆராதனையைப் பார்த்தவர்களையும் சேர்த்து எழுதும் பழக்கம் வந்திருக்கிறது. மூன்று விநாடி பார்த்துவிட்டு விரலால் தள்ளியவரும் அதில் அடக்கம். நான் அந்த எண்ணைத் தனியாக எழுதி வைப்பேன், கூட்ட மாட்டேன்.

படி 5: தலைக்கட்டு வரியை மறக்காதீர்கள்

நம் தென்மாவட்டங்களில் ஊர்க்கொடைக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று கணக்கு. பி.சி.யு.எஸ்.ஏ.விலும் அப்படி ஒன்று உண்டு. ஓர் உறுப்பினருக்கு இவ்வளவு டாலர் என்று பிரஸ்பிட்டரி, பல பிரஸ்பிட்டரிகள் சேர்ந்த சினாட், திருச்சபை முழுவதற்குமான பொதுப்பேரவை ஆகிய மூன்று மட்டங்களின் செலவுக்கும் பங்கு கேட்கப்படும். பொதுப்பேரவையின் பங்கு மட்டுமே அண்மை ஆண்டுகளில் தலைக்குச் சுமார் 10 டாலர். பிரஸ்பிட்டரியின் பங்கு பெரும்பாலும் அதைவிட அதிகமாக இருக்கும்.

வராத 52 பேருக்கும் சேர்த்து ஆண்டுதோறும் கட்டிவரும் சபையின் பொருளாளர் என்ன நினைப்பார் என்று சொல்லத் தேவையில்லை. ஆலயக் கூரை ஒழுகத் தொடங்கிய ஆண்டில் பதிவேட்டைச் சுத்தம் செய்யும் பக்தி திடீரென்று பெருகும். இது குற்றச்சாட்டு அல்ல, மனித இயல்பு. நீங்கள் செய்ய வேண்டியது எளிது: பெயர் நீக்கம் அதிகமான ஆண்டுகளையும், வரவு செலவில் துண்டு விழுந்த ஆண்டுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். பொருந்தினால் அந்தச் சரிவு ஆத்துமாக்களைப் பற்றியது அல்ல.

எதிர்ப்பக்கமும் உண்டு. பெரிய சபை என்ற பெயரை இழக்க மனமில்லாத செஷன்கள் வரியையும் கட்டிக்கொண்டு பழைய பெயர்களையும் பேணும். அப்படிப்பட்ட சபையின் வரைபடம் பல ஆண்டுகள் சமதளமாக ஓடி, புதுப் போதகர் வந்த மறு ஆண்டில் பாறையிலிருந்து விழுவதுபோல விழும். பழி பாவம் அவர் தலையில்.

படி 6: ஊரைப் பாருங்கள்

சபை ஆகாயத்தில் தொங்கவில்லை. ஸ்காட்லாந்து, அயர்லாந்து வம்சாவளியினர் குடியேறிய மேற்குப் பென்சில்வேனியா, அமெரிக்கப் பிரஸ்பிட்டேரியன்களின் பழைய கோட்டை. அதன் தலைநகர் போன்ற பிட்ஸ்பர்க்கில் 1950இல் 6.77 இலட்சம் பேர் வாழ்ந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 3.03 இலட்சம். எஃகு ஆலைகள் மூடின, இளைஞர்கள் தெற்கே போனார்கள். அங்கே ஒரு சபை இந்த எழுபது ஆண்டில் பாதியானது என்றால் அது ஊரோடு சேர்ந்து நின்றிருக்கிறது என்றுதான் பொருள்.

மறுகோடிக்கு மிசோரம். வேல்ஸ் பிரஸ்பிட்டேரியன் மிஷன் விதைத்த மண். 1899இல் முதல் இருவர் ஞானஸ்நானம் பெற்றார்கள்; 2011 கணக்கெடுப்பில் மாநில மக்களில் 87 சதவீதம் கிறிஸ்தவர்கள். 2001க்கும் 2011க்கும் இடையில் மாநில மக்கள்தொகையே 8.89 இலட்சத்திலிருந்து 10.97 இலட்சமாக, ஏறத்தாழ 23 சதவீதம் உயர்ந்தது. அந்தப் பத்தாண்டில் 23 சதவீதம் வளர்ந்த ஒரு மிசோ சபை, உண்மையில் நின்ற இடத்திலேயே நின்றது. பிட்ஸ்பர்க்கில் பாதியான சபையும் இதுவும் ஒரே நிலைதான். காகிதத்தில் ஒன்று அவமானம், மற்றொன்று வெற்றி.

மிசோ சபைகளின் வலிமையை உறுப்பினர் தொகையில் தேடுவதைவிட ‘புஃபாய் தாம்’ என்ற வழக்கத்தில் தேடலாம். சமைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைச் சபைக்கென்று எடுத்து வைப்பது. 1910இல் பெண்கள் தொடங்கிய இது இன்று ஆண்டுக்குப் பல கோடி ரூபாயாகத் திரள்கிறது. ஒவ்வொரு சமையலறையிலும் நடக்கும் வருகைப்பதிவு என்றே அதைச் சொல்வேன்.

படி 7: காணாமல் போன சபைகளைத் தேடுங்கள்

ஒரு சபையை விட்டு ஒரு பிரஸ்பிட்டரி முழுவதையும் ஆராய்பவர்களுக்கு மட்டும் இது. இன்று இருக்கும் சபைகளின் பத்தாண்டுப் போக்கை மட்டும் கூட்டினால், இடையில் மூடப்பட்டவையும் விலகியவையும் கணக்கில் வராமல் போகும். பிழைத்தவர்களிடம் மட்டும் நலம் விசாரித்தது போலாகும். 2011இல் தன்பாலின உறவில் உள்ளவர்களும் ஊழியத்துக்கு அபிஷேகம் பெற வழி திறந்தபோது மனம் ஒவ்வாத பல சபைகள் விலகின. 2012இல் மட்டும் பி.சி.யு.எஸ்.ஏ. ஒரு இலட்சத்துக்கும் மேல் உறுப்பினர்களை இழந்தது. அவர்களில் சபையாகவே விலகிய கூட்டத்தார் அடுத்த ஞாயிறும் அதே ஆலயத்தில் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் பெயர்ப்பலகை மட்டும் மாறியிருந்தது.

படி 8: வளர்ச்சியைக் கண்டால் மூன்றாகப் பிரியுங்கள்

மத்திய இந்தியாவின் தமோ ஊரில் பிறந்து, மிஷனரியாக இங்கேயே உழைத்த டொனால்டு மெக்காவ்ரன், சபை வளர்ச்சியை ஆராய்ச்சித் துறையாக்கியவர். அந்தத் துறை வளர்ச்சியை மூன்றாகப் பிரிக்கிறது: சபையார் வீட்டுப் பிள்ளைகள் வளர்ந்து சேர்வது, வேறு சபையிலிருந்து மாறி வருவது, வெளியிலிருந்து புதிதாக விசுவாசத்துக்கு வருவது. படி 3இல் நீங்கள் எழுதிய ‘உள்ளே’ பத்திகள் இதற்கே உதவும். விசுவாச அறிக்கைப் பத்தியைப் பதினேழு வயதுக்கு உட்பட்டோர், மேற்பட்டோர் என்று அறிக்கையே பிரித்துத் தருகிறது.

புறநகரில் வேகமாக வளரும் பெரிய சபைகளில் பெரும்பகுதி சான்றிதழ் வாசல் வழியே வந்தவர்கள் என்று தெரியவரும்போது பலருக்கும் ஏமாற்றம். அருகிலிருந்த மூன்று சிறு சபைகள் சுருங்கியதும் இந்தச் சபை பெருத்ததும் ஒரே கதையின் இரண்டு பக்கங்கள். இதைப் போதகர்களிடம் பணிவாகச் சொல்லுங்கள். யாருக்கும் கேட்கப் பிடிக்காது.

உறுப்பினர் கணக்குக்கே வராத வளர்ச்சியும் இருக்கிறது. 2012இல் பி.சி.யு.எஸ்.ஏ. ‘1001 புதிய ஆராதனைச் சமூகங்கள்’ என்ற முயற்சியைத் தொடங்கியது. காபிக் கடையிலும் வீட்டுக் கூடத்திலும் புலம்பெயர்ந்தோர் குடியிருப்பிலும் கூடும் இந்தக் குழுக்களில் பல முறையான சபைகள் ஆகவில்லை. அங்கே வருவோர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. உங்கள் ஆலயத்தின் பின்கட்டில் ஞாயிறு பிற்பகல் வேறு மொழியில் ஆராதிக்கும் கூட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். காலையில் அறுபது பேரும் பிற்பகலில் தொண்ணூறு பேரும் கூடும் ஆலயத்தில், காலைக் கூட்டத்தின் கணக்கு மட்டும்தான் அறிக்கையில் போகும்.

படி 9: செஷனிடம் எடுத்துச் செல்வது

இத்தனையையும் ஒரே தாளில் அடக்குங்கள். மேலே பத்தாண்டு வருகை. அதன் கீழே மரணமும் ஞானஸ்நானமும் அருகருகே. அதன் கீழே ஆறு வாசல்கள். மொத்த உறுப்பினர் தொகையை மூலையில் சிறிதாக எழுதுங்கள். முதலில் அதைச் சொன்னால் மீதியை யாரும் கேட்க மாட்டார்கள், கதவு சாத்துகிற பேச்சு தொடங்கிவிடும்.

இரண்டாவது தாளில் எண்களே வேண்டாம். இரண்டு ஆண்டாக வராதவர்களின் பெயர்ப் பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவரோடு கடைசியாகப் பேசியவர் யார், எப்போது என்று இரு கட்டங்கள். அந்தத் தாளை மூப்பர்களிடம் சுற்றுக்கு விட்டு நிரப்பச் சொல்லுங்கள். பாதிக் கட்டங்கள் காலியாகத் திரும்பி வரும். நீக்க அறிவிப்புக் கடிதங்களை அச்சடிக்கும் முன் அந்தக் காலிக் கட்டங்களை மூப்பர்களுக்குள் பங்கு பிரித்துக்கொடுங்கள், ஆளுக்கு ஐந்து வீதம்; தொலைபேசி எண்ணோடு.